பேடு வைத்த கையுறை எந்த வேலைக்கு ஆகும், எந்த வேலைக்குக் கூடாது?

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் சின்னதாக மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, சன்னல், கட்டில், எஸ்டேட் பங்களாக்களில் பழைய மரவேலையைச் சரிசெய்வது என்று எல்லாம் செய்கிறோம். பெரும்பாலும் சில்வர் ஓக், கொஞ்சம் தேக்கு. என்னோடு இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். ஆறேழு மாதமாக வலது உள்ளங்கையின் அடிப்பகுதி வலிக்கிறது. சாயங்காலம் ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. மார்கழி, தை மாதக் காலையில் சேன்டர் (உப்புத்தாள் வைத்து மரத்தைத் தேய்க்கும் மெஷின்) பிடித்தால் சில நாள் விரல் நுனி வெளுத்துவிடுகிறது. உள்ளங்கையில் பேடு, அதாவது மெத்தை மாதிரித் திண்டு, வைத்த கிளவுஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். 350 ரூபாய்க்கும் இருக்கிறது, 1,800 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை வாங்குவது? பையன்களுக்கும் அதையே வாங்கிக் கொடுத்து, காலையில் மாட்டினால் மாலையில்தான் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விரல் போகிற ஆபத்து அதில்தான் இருக்கிறது. நாள் முழுக்க மாட்டியிருக்கும்படியான கையுறை மரப்பட்டறைக்கு என்று எதுவும் கிடையாது. டேபிள் ரம்பம், இழைப்பு மெஷின், நிலையாக நிற்கும் டிரில், கடைசல் மெஷின், மேசையில் பொருத்திய ரவுட்டர் (மரத்தில் பள்ளம் எடுக்கும் மெஷின்) இவற்றின் முன்னால் நிற்கும்போது உங்கள் கையும் பையன்கள் கையும் வெறும் கையாகத்தான் இருக்க வேண்டும். வெறும் விரல் பிளேடில் பட்டால் வெட்டுப்படும், விரல் நுனியே போனாலும் போகும். கிளவுஸின் ஒரு மடிப்போ நூலோ பல்லில் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும். நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் சுற்று ஓடுகிற பிளேடிடமிருந்து கையைப் பிடுங்கிக்கொள்ள யாருக்கும் நேரம் கிடைக்காது. பேடு வைத்தது இன்னும் மோசம். விரல் எங்கே முடிகிறது என்ற உணர்வு அதில் குறைந்துவிடும். தையலும் தோலும் பலமாக இருப்பதால் கிழிந்து விடுபடாமல் கையோடு சேர்ந்து போகும்.

‘வெட்டு தாங்கும்’ என்று அச்சடித்த கிளவுஸைக் காட்டிக் கடைக்காரர் தைரியம் சொல்வார். அட்டையில் சுத்தியல் படம் போட்டு, கீழே நாலு எண்ணும் ஒன்றிரண்டு எழுத்தும் இருக்கும். அது இ.என். 388 என்கிற ஐரோப்பியத் தர அளவு. முதல் எண் தேய்மானம், இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. 2016-ல் திருத்தியபோது வெட்டுக்கு இன்னொரு சோதனையைச் சேர்த்து, அதற்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து கொடுத்தார்கள். அந்தச் சோதனையில் கத்தி அலகை மேலே இழுத்து எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஓடுகிற ரம்பப் பல்லுக்கு அந்த எழுத்து எந்த உத்தரவாதமும் தராது. கடைசியில் ‘பி’ என்று இருந்தால், முக்கியமாகக் கையின் மேற்புற மூட்டுகளில் விழும் அடியைத் தாங்கும் என்று அர்த்தம். உள்ளங்கைப் பேடைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ இருந்தால் அந்தச் சோதனையே செய்யவில்லை. உங்கள் வேலைக்கு முதல் எண் 3-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

நம் மலையில் இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. உறைபனி விழும் நாட்களில் பையன்கள் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள். கை விறைக்கிறதே என்று அதோடு டிரில்லையும் பிடிப்பார்கள், ரம்பத்துக்குக் கட்டையையும் தள்ளுவார்கள். கம்பளி நூலைப் போல மெஷினில் சுற்றிக்கொள்ளும் பொருள் வேறு இல்லை. விரல் வெட்டிய கம்பளிக் கையுறையும் அப்படித்தான், அதில் நுனியில் பிரிந்த இழை வேறு தொங்கும். குளிர் நாளில் வேலையின் வரிசையை மாற்றிவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் அளவெடுப்பது, கோடு போடுவது, கட்டை பொறுக்குவது, உளி தீட்டுவது. வெயில் ஏறி விரல் மடங்கி நிமிரும் நிலைக்கு வந்த பிறகு மெஷின். உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டால் கைக்கும் சூடு வரும். தொப்பியும், மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கிற கை வைத்த ஸ்வெட்டரும் போடச் சொல்லுங்கள்.

ரம்பத்தின் சுவிட்சுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் ஒரு பலகை அடித்து ஆளுக்கு ஒரு கொக்கி வையுங்கள். கிளவுஸ் அந்தக் கொக்கியில் தொங்கினால்தான் சுவிட்சைத் தொட வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். வாயால் நூறு தடவை சொல்வதைவிட அந்தக் கொக்கி நன்றாக வேலை செய்யும்.

கையில் பிடித்து ஓட்டும் மெஷின்களுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. இரண்டு கையும் பிடியில் பூட்டினாற்போல் இருந்து, சுற்றுகிற பாகம் கையிலிருந்து தள்ளி, காப்புத் தகடோடு இருந்தால், இறுக்கமான கிளவுஸ் போடலாம். ஆர்பிட்டல் சேன்டர் அதில் சேரும். காப்பும் பக்கப் பிடியும் கழற்றாத ஆங்கிள் கிரைண்டரும் சேரும். கட்டையைக் கையால் தள்ளி வெட்டுமுனைக்குக் கொண்டுபோகிற எதிலும் கிளவுஸ் கூடாது. அங்கே கைக்குப் பதிலாகத் தள்ளுகட்டைதான் முன்னால் போக வேண்டும்.

இனி உங்கள் கைக்கு வருவோம். எந்த விரல் மரத்துப்போகிறது என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் போகிற நரம்பு, உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டை ஒட்டி நுழைகிறது. அங்கே அதற்கு மேலே பெரிய சதைப்பற்று கிடையாது, அழுத்தினால் நேராக நரம்புக்கே போய்ச்சேரும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்திருந்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டின் நடுவில் ஓடுவது. அவர்களுக்கு நான் சொல்லும் கிளவுஸும் வேறாக இருக்கும். உங்களுக்கு அந்தச் சுண்டுவிரல் பக்க மேட்டை எதுவோ நாள் முழுக்க அழுத்துகிறது. சேன்டரின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பதா, இழைப்புளியின் பின்பிடியா, ஸ்க்ரூ டிரைவரின் முனையா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். வலிக்கிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியாகப் பிடித்துப் பார்த்தால் எது அந்தப் புள்ளியில் உட்காருகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பொருத்துக் கூட்டும்போது கொட்டாப்புளியை (மரச்சுத்தியலை) தேடாமல் உள்ளங்கை அடியாலேயே தட்டி இறக்குகிற பழக்கம் இருக்கிறதா? உளியின் தலையில் கையால் குத்துவது உண்டா? நம் தொழிலில் பாதிப் பேருக்கு உண்டு. அந்த நரம்புக்குப் பக்கத்திலேயே விரல்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் ஓடுகிறது. கையைச் சுத்தியலாக வைத்து வருடக்கணக்கில் அடித்தால் அந்தக் குழாயின் சுவர் கெட்டு, உள்ளே ரத்தம் கட்டி, விரலுக்கு ஓட்டம் குறையும். மருத்துவத்தில் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு தெரிந்த சங்கதி. பேடு போட்டுக்கொண்டு அடித்தால் பரவாயில்லை என்று எண்ண வேண்டாம். கொட்டாப்புளியைக் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள், மேசைக்கு ஒன்றாக.

விரல் நுனி வெளுப்பது தனி விஷயம், நான் பயப்படுவதும் அதற்குத்தான். அதிர்கிற கருவியைப் பல வருடம் பிடித்தவர்களுக்குக் குளிரில் விரலின் சின்ன ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கிவிடுகின்றன. 1918-லேயே அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு என்ற ஊரில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக் கல் செதுக்கிய தொழிலாளர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். குளிர்காலக் காலையில் அவர்கள் விரல் வெளுத்து மரத்துப்போனது. அதுவும் உளியைப் பிடித்திருந்த இடது கையில் அதிகம். அதிர்வும் குளிரும் சேர்கிற இடத்தில்தான் இது வெளியே தெரியும். கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரத்தில் மார்கழிக் காலையில் சேன்டர் பிடிக்கிற உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதுவும் குழாயைச் சுருக்கும்.

இதைக் கிளவுஸ் சரிசெய்யுமா? ‘அதிர்வு தடுக்கும்’ என்று போட்டு விற்பதற்கு ஐ.எஸ்.ஓ. 10819 என்ற சோதனை இருக்கிறது. அதில் தேற, நொடிக்கு 25 முதல் 200 வரையான அதிர்வில் கைக்கு வருவது பத்து சதவீதம் குறைந்தால் போதும். 200-க்கு மேல் நாற்பது சதவீதம் குறைய வேண்டும். உங்கள் ஆர்பிட்டல் சேன்டர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12,000 அளவில் ஓடும் ரகமாக இருந்தால், அறுபதால் வகுக்க நொடிக்கு 200. சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் கிளவுஸ் அதிகம் உதவாத பக்கத்துக்குப் போய்விடும். அந்தச் சோதனையில் விரல் பகுதியிலும் பேடு இருந்தாக வேண்டும். விரல் நுனி வெட்டிய கிளவுஸ் எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தத் தரத்துக்குள் வராது. அட்டையில் வெறுமனே ‘ஆன்டி வைப்ரேஷன்’ என்று மட்டும் இருந்து இந்த எண் இல்லாவிட்டால், அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

அதிர்வை மெஷினிலேயே குறைக்கத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேன்டரின் அடித்தட்டு தேய்ந்து கோணலாகியிருந்தால் மாற்றுங்கள். உப்புத்தாளை மொக்கையாகும்வரை ஓட்டினால் அழுத்திப் பிடிக்கத் தோன்றும். அழுத்திப் பிடித்தால் அத்தனை அதிர்வும் கைக்குள் இறங்கும். மெஷினின் சொந்த எடையே போதும், கை அதைத் திருப்பிவிட்டால் போதும். முதல் மட்டம் இழைப்புளியில் நன்றாக வந்துவிட்டால் சேன்டர் நேரமே பாதியாகும். மூன்று பேர் இருக்கிறீர்கள், ஒருவரே முழுக்கதவையும் தேய்க்காமல் முறை வைத்து மாற்றிப் பிடியுங்கள். அடுத்த மெஷின் வாங்கும்போது கையேட்டில் அதிர்வு அளவு என்று ஒரு எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவில் 2002-ல் வந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அதிர்வு (கையேட்டில் m/s² என்று போட்டிருக்கும் அளவில்) 2.5-ஐத் தாண்டினாலே முதலாளி குறைக்க வழி பார்க்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. அந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கையேட்டைப் படிக்க முடியும்.

இதையெல்லாம் செய்துகொண்டே ஒரு மருத்துவரிடமும் காட்டுங்கள். விரல் வெளுத்திருக்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகிற நேரத்தில் விரல் சிவந்து இயல்பாகிவிடும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. என்ன மெஷின், ஒரு நாளைக்கு எத்தனை மணி, எத்தனை வருடமாக என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். ஆரம்பத்தில் அதிர்வை நிறுத்தினால் இது அங்கேயே நிற்க வாய்ப்புண்டு. முற்றிவிட்டால் சட்டைப் பொத்தான் போடுவதே சிரமமாகிவிடும்.

இப்போது கடைக்குப் போவோம். உங்களுக்கு வேண்டியது முழு விரல் மூடிய, உள்ளங்கையில் மெல்லிய பேடு வைத்த கிளவுஸ். உள்ளங்கை வெள்ளாட்டுத் தோலாக இருந்தால் நல்லது. அது மெல்லிசு, வளையும், தேய்மானமும் தாங்கும். மாட்டுத்தோலின் சொரசொரப்பான அடிப்பகுதியில் தைத்த வெல்டிங் கிளவுஸ் கட்டை தூக்க மட்டும் சரி. அதைப் போட்டு ஒரு ஆணியைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியாது. கையின் மேற்புறம் இழுபடுகிற துணியாக, மணிக்கட்டில் ஒட்டும் பட்டையோடு இருக்கட்டும்.

பேடு கனமாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கனம் கூடக் கூட, பிடி நழுவாமல் இருக்க நீங்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். முன்கை சீக்கிரம் சோர்ந்துவிடும், இறுக்கிய பிடியில் அதிர்வும் கூடுதலாகக் கைக்குள் வரும். என் அனுபவத்தில் மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் இருப்பதுதான் மரவேலைக்குத் தோது. பேடு எங்கே இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். கிளவுஸை மாட்டிக்கொண்டு, நீங்கள் பேனாவால் புள்ளி வைத்த அதே இடத்தை மறுகைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பேடு அந்த மேட்டை முழுவதும் மூட வேண்டும். அதன் ஓரமோ தையலோ அந்தப் புள்ளியில் விழுந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். சிலவற்றில் பேடை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, உள்ளங்கை மடிகிற கோட்டில் இடைவெளி விட்டிருப்பார்கள். அவைதான் கை மூடும்போது சுருண்டு திரளாமல் இருக்கும். அழுத்தி விட்டதும் பேடு உடனே எழும்புகிறதா என்றும் பாருங்கள். குழி அப்படியே நின்றால் அது மட்டமான ஃபோம், கொஞ்ச நாளில் தட்டையாகிவிடும்.

அளவு விஷயத்தில் அவசரம் வேண்டாம். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் மூட்டுகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளந்து பாருங்கள். 203 மில்லிமீட்டர் சுற்றளவு என்றால் அளவு 8, 229 என்றால் 9, 254 என்றால் 10. அங்குலக் கணக்குத்தான் அது. இடையில் வந்தால் சின்னதை முதலில் போட்டுப் பாருங்கள். கடையிலேயே முஷ்டி மடக்குங்கள், சுத்தியலைப் பிடியுங்கள், மேசையில் கிடக்கும் ஒரு அங்குல ஸ்க்ரூவை எடுத்துப் பாருங்கள். விரல் நுனியில் காலித் துணி மடிந்தால் அந்தக் கிளவுஸ் உங்களுடையதில்லை. இதனால்தான் பையன்களுக்கு ‘அதையே’ வாங்கித் தர வேண்டாம் என்கிறேன். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோத்தகிரியிலோ குன்னூரிலோ அளவு கிடைக்காவிட்டால் கோவைக்குப் போகிற நாளில் வாங்கலாம். போட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்கினால், அளவு சரியில்லாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டை இறக்குவது, பிளைவுட் தூக்குவது, ரீப்பர் அடுக்குவது இவற்றுக்கெல்லாம் பேடு தேவையே இல்லை. உள்ளங்கையில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசிய பின்னல் கிளவுஸ் போதும். சிராய் ஏறுவதை அது பெருமளவு தடுக்கும், பிடியும் நிற்கும், விலையும் கம்மி. பையன்களுக்கு அன்றாடம் வேண்டியது இதுதான். வெறும் பருத்தி நூல் கிளவுஸ் வாங்காதீர்கள், சிராய் அதில் நேராக உள்ளே போகும். பிசின், பாலிஷ், தின்னர் தொடும் வேலைக்கு இந்த எதுவும் ஆகாது. தோலும் துணியும் அதை உறிஞ்சிக் கையிலேயே வைத்திருக்கும். அதற்கு முழுவதும் நைட்ரைலால் ஆன கையுறை வேண்டும்; மெல்லியதாக இருந்தால் தின்னர் அதையும் சீக்கிரம் ஊடுருவும், பட்டதும் மாற்றிவிடுங்கள்.

சில்வர் ஓக் என்று எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. அந்த மரத்தில் சிலருக்குத் தோல் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தேக்குத் தூளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தூள் கிளவுஸுக்குள் போய் வியர்வையோடு ஊறினால், வெறும் கையைவிட மோசமாக அரிக்கும். சேன்டர் வேலை முடிந்ததும் கிளவுஸை உதறி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாருக்காவது விரல் இடுக்கில் கொப்புளம் வந்தால் தோல் கிளவுஸை நிறுத்திவிட்டு, துவைக்கக்கூடிய செயற்கைத் தோல் கிளவுஸுக்கு மாற்றுங்கள். தோலைப் பதப்படுத்தும் குரோமியமே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் கிளவுஸ் இரண்டே நாளில் பூஞ்சை பூத்துவிடும். ஈரமானதை அடுப்புப் பக்கமோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், பேடும் பிரியும். வாய்ப்பக்கம் கீழே பார்க்கும்படி காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். உங்களுக்கு மட்டுமாவது இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் கூடுதலாக உழைக்கும்.

விலையைப் பொறுத்தவரை, 350 ரூபாய் கிளவுஸ் மேலே சொன்ன அழுத்திப் பார்ப்பதிலும் ஸ்க்ரூ எடுப்பதிலும் தேறினால் தாராளமாக அதையே வாங்குங்கள். 1,800 ரூபாய் கொடுப்பதானால் அதில் 10819 என்ற எண் இருக்க வேண்டும், விரல்களிலும் பேடு இருக்க வேண்டும், சேன்டர் பிடிக்கும்போது மட்டும் போட வேண்டும். அதுவும் உங்களுக்கு ஒன்று போதும். மிச்சப் பணத்தில் பையன்கள் இருவருக்கும் அவரவர் அளவில் நைட்ரைல் கிளவுஸும், சேன்டருக்குப் புது அடித்தட்டும், இன்னொரு கொட்டாப்புளியும் வாங்கிவிடலாம்.